சோளம் சமைக்கப் பழகுவது எப்படி: தோசையில் தொடங்கி ரொட்டி வரை

கம்பு திரும்பி வந்துவிட்டது. கோடையில் தெருமுனைக்குத் தெருமுனை கம்மங்கூழ் வண்டி நிற்கிறது. கேழ்வரகு எங்கும் போகவே இல்லை. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் வீடுகளில் எப்போதும் இருந்தது. தினை, சாமை, வரகு எல்லாம் பளபளப்பான பாக்கெட்டில் ஏறி சூப்பர் மார்க்கெட்டில் தனி அடுக்கே பிடித்துவிட்டன. இந்த வரிசையில் சோளத்தை மட்டும் யாரும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. கொங்குப் பக்கமும் கரிசல் காட்டிலும் இரண்டு தலைமுறைக்கு முன் அன்றாடம் உலையில் வெந்த தானியம் இது. இன்று அதே ஊர்களில் ஒருவர் "சோளம் விதைச்சிருக்கேன்" என்றால், பெரும்பாலும் மாட்டுக்குத் தட்டை வேண்டும் என்று விதைத்திருப்பார்.

1960களின் கடைசியில் இந்தியாவில் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேரில் சோளம் விளைந்தது. இப்போது அது 40 லட்சம் ஹெக்டேர் அளவில் நிற்கிறது. ரேஷனில் மலிவு அரிசி வந்தது, கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் நிலத்தைப் பிடித்தது என்று காரணங்கள் சொல்வார்கள். பெரம்பலூர்ப் பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். இதெல்லாம் உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் இருந்த பெரிய காரணம் உரல் என்பது என் எண்ணம். சோளத்தைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, உரலில் குத்தி, தோலை முறத்தில் புடைத்து நீக்கி, மறுபடி குத்தி நொய்யாக்கி, அப்புறம்தான் உலையில் போட முடியும். விடியுமுன் எழுந்து இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். தீட்டிய அரிசி கைக்கு எட்டிய நாளில் அவர்கள் உலக்கையைக் கீழே வைத்ததில் ஒரு தவறும் இல்லை.

இப்போது அந்த வேலையை மில் செய்து தருகிறது. சோள ரவை, சோள மாவு, சோள அவல் எல்லாம் கடையில் கிடைக்கின்றன. ஆனாலும் ஆசையாக ஒரு கிலோ வாங்கிப் போனவர்களில் பலர் ஒருமுறை சமைத்துவிட்டு மீதியை அலமாரியில் போட்டு மறந்துவிடுகிறார்கள். அரிசியைப் போல வேகவைத்தால் கடுக்கென்று நிற்கிறது, கோதுமையைப் போலப் பிசைந்தால் உதிர்ந்து போகிறது. சோளம் கேட்பது மூன்று: தண்ணீர், சூடு, நேரம். மூன்றும் மற்ற தானியங்களைவிடக் கொஞ்சம் அதிகமாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு எளிதானதில் தொடங்கிக் கடினமானதற்குப் போனால் எல்லாருக்கும் கைவரும்.

கடையில் கேட்கும்போது

"சோள மாவு கொடுங்க" என்று மளிகைக் கடையில் கேட்டால் பத்தில் எட்டுக் கடையில் சூப்பைக் கெட்டியாக்கப் போடும் வெள்ளை வெளேர் கார்ன்ஃப்ளோரை எடுத்து நீட்டுவார்கள். அது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாவுச்சத்து. அதில் தோசையும் வராது, ரொட்டியும் வராது. "நாட்டுச் சோளம்", "வெள்ளைச் சோளம்" என்று கேளுங்கள். பாக்கெட்டில் வடக்கத்திப் பெயரான 'ஜோவார்' என்றும் அச்சடித்திருக்கலாம், அதுவும் இதுதான். நாம் வாங்க வேண்டியது மிளகு அளவில், உருண்டையாக, ஒரு முனையில் சிறு புள்ளியோடு இருக்கும் தானியம்.

வெள்ளைச் சோளம், சிவப்புச் சோளம் என்று இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வெள்ளைதான் நல்லது. சிவப்பில் துவர்ப்பு கூடுதல். தோலில் உள்ள டானின்தான் அதற்குக் காரணம். வயலில் குருவிகள் சிவப்பைவிட வெள்ளையைத் தேடி வந்து கொத்துவதற்கும் அந்தத் துவர்ப்பே காரணம். கூழுக்கும் களிக்கும் சிவப்பு நன்றாக இருக்கும் என்று சொல்லும் வீடுகள் உண்டு, நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் அது நாக்கு பழகிய பிறகு. தென் மாவட்டங்களில் கருத்த உமியோடு வரும் இருங்கு சோளம் எங்காவது கண்ணில் பட்டால் விடாமல் வாங்குங்கள். அது சந்தையில் அபூர்வமாகிவிட்டது.

முதல் தடவை இரண்டே பொருள் போதும்: முழுச் சோளம் ஒரு கிலோ, சோள ரவை அரைக் கிலோ. மாவு இப்போது வேண்டாம். ஏன் என்று ரொட்டிப் பகுதியில் சொல்கிறேன். சோள அவல் சமைக்க எளிது, அரிசி அவல் போலவே தாளித்துக் கிளறிவிடலாம். ஆனால் அதைச் சாப்பிட்டுச் சோளத்தின் ருசியை எடைபோட முடியாது.

முழுச் சோளத்தைக் கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள். வைக்கோல் போல லேசான மணம் இருக்கலாம். பூசணம் பிடித்த வாடை இருக்கக் கூடாது. கருப்புப் புள்ளி படர்ந்த மணிகள் நிறைய இருந்தால் கதிர் முற்றும் நேரத்தில் மழையில் நனைந்த சரக்கு என்று அர்த்தம், வாங்காதீர்கள். மணியில் ஓட்டை இருந்தால் வண்டு ஏற்கெனவே குடியேறிவிட்டது.

ஊறவைப்பது

முதலில் முறத்தில் புடைத்து, அல்லது ஒரு தட்டில் பரப்பி, கல்லும் உமியும் பொறுக்குங்கள். அப்புறம் மூன்று நான்கு தண்ணீரில் கழுவுங்கள். முதல் தண்ணீர் கலங்கலாகப் பழுப்பாக வரும், பயப்பட வேண்டாம். மிதப்பவற்றை வழித்துக் கொட்டிவிடுங்கள். களத்தில் அடித்த சோளமாக இருந்தால் அரிசியில் கல் அரிப்பதுபோல் ஒருமுறை அரித்துவிடுவது பல்லுக்கு நல்லது.

முழுச் சோளத்துக்கு எட்டு மணி நேர ஊறல் குறைந்தபட்சம். இரவு முழுக்க ஊறினால் இன்னும் நல்லது. அவசரத்துக்கு நல்ல சூடான தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் நான்கைந்து மணி நேரத்தில் ஓரளவு இளகும், ஆனால் தோசைக்கு அது அவ்வளவாகச் சரிப்படாது. ஊறிய மணியை நகத்தால் அழுத்தினால் பிளவு விழ வேண்டும். கோடையில் ஊறும் தண்ணீர் சீக்கிரம் வாடை அடிக்கும். நடுவில் ஒருமுறை மாற்றுங்கள். ஊறவைத்த தண்ணீரைச் சமையலுக்கு எடுக்காமல் கொட்டிவிடுங்கள், துவர்ப்பில் ஒரு பங்கு அதோடு போய்விடும்.

முதலில் தோசை

சோளம் பழக இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. புளிப்பதால் துவர்ப்பு மட்டுப்படுகிறது, உளுந்து சேர்வதால் மென்மை வருகிறது, சட்னி சாம்பாரோடு போவதால் வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சோளத்தின் பிறந்த வீடான ஆப்பிரிக்காவின் வடகிழக்கில், சூடானில், புளித்த சோள மாவைச் சூடான கல்லில் மெல்லிய தாளாக இழுத்து 'கிஸ்ரா' என்று செய்கிறார்கள். உளுந்து இல்லாத தோசை என்றே அதைச் சொல்லலாம்.

அளவு இது: முழுச் சோளம் 2 டம்ளர், இட்லி அரிசி 1 டம்ளர், உளுந்து அரை டம்ளருக்குக் கொஞ்சம் மேல், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. சோளம் இரவே ஊறட்டும். அரிசி நான்கு மணி நேரமும், உளுந்தும் வெந்தயமும் சேர்ந்து இரண்டு மூன்று மணி நேரமும் ஊறினால் போதும்.

1. உளுந்தை முதலில் கிரைண்டரில் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, பந்து போலப் பொங்க அரைத்து எடுங்கள்.
2. சோளத்தையும் அரிசியையும் சேர்த்து அரையுங்கள். சோளம் அரைபட நேரம் எடுக்கும். அரிசி மாவாகிவிட்டது என்று நிறுத்தினால் சோளத் தோல் திப்பி திப்பியாக நிற்கும். விரலுக்கு நைஸான ரவை பதம் தட்டுப்பட வேண்டும்.
3. உப்புச் சேர்த்துக் கையால் கலந்து எட்டு மணி நேரம் புளிக்க விடுங்கள். அரிசி மாவு அளவுக்குப் பாத்திரம் நிறையப் பொங்காது. மேலே நுரைக்குமிழ் தெரிந்து, புளித்த மணம் வந்தால் சரி.
4. வார்க்கும்போது மாவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீர்க்க இருக்கட்டும். கல் நன்றாகச் சூடேறிய பிறகு தேய்த்து, ஓரத்தில் நல்லெண்ணெய் விட்டு, தீயைக் குறைத்து நிதானமாகச் சிவக்க விடுங்கள்.

அரிசித் தோசைக்கு ஆகும் நேரத்தில் எடுத்தால் நடுவில் பச்சை வாடை அடிக்கும். இன்னும் ஒரு நிமிடம் கல்லிலேயே இருக்கட்டும், மொறுமொறுவென்று வரும். ஆறினால் விறைத்துப் போவதால் டிபன் டப்பாவில் அடைப்பதற்கு இந்தத் தோசை லாயக்கில்லை. மாவு மிச்சமானால் மறுநாள் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம் ஊற்றுங்கள். என்னைக் கேட்டால் தோசையைவிடப் பணியாரம்தான் சோளத்துக்குப் பொருத்தம்.

அரிசியே வேண்டாம் என்பவர்கள் சோளம் 3, உளுந்து 1 என்று போட்டு, அரைக்கும்போது ஒரு கைப்பிடி ஊறிய அவல் சேர்த்துக்கொள்ளலாம். அரிசி அவலும் ஆகாது என்றால் சோள அவல். முதல் தடவையே இதற்குப் போக வேண்டாம்.

ரவையில் சோறும் உப்புமாவும்

உரலில் குத்தி நொய்யாக்கிய சோளத்துக்கு இன்று கடையில் கிடைக்கும் பதில்தான் சோள ரவை. வாங்கும்போது கொஞ்சம் பெரிய பருவெட்டாகப் பாருங்கள். பொடி ரவை களியாகிவிடும்.

சோளச்சோறு செய்ய ஒரு டம்ளர் ரவைக்கு நான்கு டம்ளர் தண்ணீர். ரவையைக் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். அடிகனமான பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது உப்பும் ரவையும் போட்டு, முதல் ஐந்து நிமிடம் அடிப்பிடிக்காமல் கிளறிவிட்டு, தீயைத் தணித்து மூடுங்கள். இருபது முதல் இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும். நடுவில் தண்ணீர் வற்றினால் கொதிக்கும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நடுவில் கல் போல நின்றுவிடும். அடுப்பை அணைத்து மேலும் பத்து நிமிடம் மூடியே வைத்திருங்கள். இந்தப் பத்து நிமிடத்தை விட்டால் சோறு சேராது. குக்கரில் என்றால் மூன்றரை டம்ளர் தண்ணீர், நான்கு விசில், ஆவி தானாக அடங்கட்டும்.

இது அரிசிச் சோறு போல உதிரியாக வராது, எதிர்பார்க்கவும் வேண்டாம். கொஞ்சம் குழைந்து, அள்ளினால் கையில் நிற்கும். மேலே ஊற்றுவது வெறும் ரசமாக இருந்தால் சோறு தனியாகவும் ரசம் தனியாகவும் நிற்கும். கெட்டியாகக் கடைந்த கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், கீரைக் கடைசல், தட்டைப்பயறு போட்ட கத்தரிக்காய்க் குழம்பு: கொங்கு வீடுகளில் இதையெல்லாம் சோளச்சோற்றோடு சேர்த்தது சும்மா இல்லை. சோளத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 10 கிராம் புரதம் இருக்கிறது. ஆனால் லைசின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. பயறுகளில் அது தாராளம். ஆக, பயறும் சோளமும் சேர்ந்த தட்டில் ஒன்றின் குறையை மற்றொன்று அடைத்துவிடுகிறது.

மிஞ்சிய சோளச்சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் கரைத்து மோரும் உப்பும் சேர்த்துக் குடிக்கலாம். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் சுட்ட மோர்மிளகாயும்.

உப்புமாவுக்கு ரவையை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்துக்கொண்டு, ஒன்றுக்கு மூன்று தண்ணீர். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தேங்காயும் எலுமிச்சைச் சாறும் கடைசியில் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

முழுசாக வேகவைத்தால்

இரவு ஊறிய சோளம் ஒரு டம்ளர், தண்ணீர் மூன்று டம்ளர், உப்பு. குக்கரில் பெரிய தீயில் முதல் விசில் வரட்டும். பிறகு தீயைச் சிறிதாக்கி இருபது, இருபத்தைந்து நிமிடம். ஆவி அடங்கியதும் ஒரு மணியை வாயில் போட்டுப் பாருங்கள். பல்லில் லேசாகத் துள்ள வேண்டும், உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு போல நிற்கக் கூடாது. நின்றால் இன்னும் பத்து நிமிடம். அதிகமாக வெந்துவிடுமோ என்று கவலைப்படவே வேண்டாம். இவ்வளவு பொறுமையான தானியம் வேறு இல்லை.

தண்ணீரை வடித்துவிட்டு, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்த் துருவினால் சுண்டல். தக்காளி, வெள்ளரி, மாங்காய், வறுத்த வேர்க்கடலை கலந்தால் மாலைச் சிற்றுண்டி. நான் கொண்டைக்கடலையையும் சோளத்தையும் பாதிக்குப் பாதி கலப்பேன், தனிச் சோளச் சுண்டலை மென்று மென்று தாடை வலிக்கும். வெந்த சோளத்தைப் பிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். எடுக்கும்போது விறைத்திருக்கும், ஆவியில் சூடு காட்டினால் இளகிவிடும்.

சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் முழுச் சோளம் வேண்டாம். மெல்லாமல் விழுங்கினால் அப்படியே வெளியே வரும். அவர்களுக்குக் கூழ்தான்.

கூழும் களியும்

இப்போது மாவு வேண்டும். பாக்கெட் மாவு வாங்குவதைவிட, முழுச் சோளத்தைக் கழுவி, வெயிலில் சுக்காகக் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்து அரைத்து வாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்று ஒன்றரைக் கிலோ போதும்.

கூழுக்கு முந்தின நாள் மாலையே அரை டம்ளர் மாவை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடிவிடுங்கள். காலையில் லேசாகப் புளித்திருக்கும். இரண்டரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் ஒரு கைப்பிடி அரிசி நொய்யோ சோள ரவையோ போட்டு வேகவிடுங்கள். அது வெந்ததும் கரைத்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிண்டுங்கள். பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் சிறு தீயில் கொதிக்க வேண்டும். பச்சை மணம் போய், கூழ் பளபளப்பாகி, துடுப்பில் கனமாக வழிந்தால் ஆயிற்று. உப்புப் போட்டு ஆறவிட்டு, மோர் ஊற்றிக் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான். தொட்டுக்கொள்ள கொத்தவரங்காய் வத்தல், மாங்காய்த் துண்டு, கருவாடு சாப்பிடுபவர்களுக்குக் கருவாடு.

களி இதைவிடக் கொஞ்சம் கைப்பழக்கம் கேட்கும். ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். இரண்டு கரண்டி மாவை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்ட கொதிநீரில் ஊற்றிக் கஞ்சிப் பதமாக்குங்கள். அது தளதளக்கும்போது மீதி மாவைக் குவியலாக நடுவில் கொட்டுங்கள். கிண்டாதீர்கள். துடுப்புக் காம்பால் குவியலின் நடுவில் ஒரு குழி குத்தி, மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம் விடுங்கள். கொதி அந்தக் குழி வழியே மேலேறி மாவை வேகவைக்கும். பிறகு பாத்திரத்தைக் காலிடுக்கிலோ துணியாலோ அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டி உடையக் கிண்டி, மறுபடி மூடி ஐந்து நிமிடம். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. உருண்டை பிடித்துச் சூடாகவே சாப்பிட வேண்டும். ஆறிய சோளக் களி கேழ்வரகுக் களியைவிடச் சீக்கிரம் இறுகிவிடும்.

ரொட்டி

சோளத்தில் கைதேர்ந்தவர்கள் யார் என்று கேட்டால் வட கர்நாடகத்தையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் பக்கத்தையும்தான் காட்ட வேண்டும். கர்நாடகத்தில் அது ஜோளத ரொட்டி, மகாராஷ்டிரத்தில் பாக்ரி. மழைக்காலம் முடிந்து, கரிசல் மண்ணில் தங்கிய ஈரத்திலேயே விளையும் 'மால்தண்டி' என்ற பழைய ரகம் ரொட்டிக்கென்றே பேர் போனது. சோலாப்பூர் மாவட்டத்து மங்கள்வேடாச் சோளத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்த ஊர்களில் பெண்கள் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் 'தட் தட்' என்று தட்டியே தட்டு அகலத்துக்கு ரொட்டியை விரிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு முதல் நாளே முயல வேண்டாம்.

கோதுமை மாவை இழுத்துப் பிடித்து வைப்பது குளூட்டன் என்ற புரதம். சோளத்தில் அது கிடையாது. அதனால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் மாவு மண் போல உதிரும். கொதிநீர் ஊற்றினால் மாவுச்சத்தில் ஒரு பகுதி வெந்து பசையாகும், அந்தப் பசைதான் ரொட்டியைப் பிடித்து நிறுத்துகிறது. மாவு புதிதாக இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதும் இதற்காகத்தான்: பழைய மாவில் ஒட்டும் தன்மை குறைந்து, ஓரமெல்லாம் வெடிக்கும். சோள முளையில் உள்ள கொழுப்பு நாள்பட்டுக் கெடுவதால் கசப்பும் ஏறும். எப்போது அரைத்தது என்று தெரியாத பாக்கெட் மாவில் முதல் ரொட்டியைச் சுட்டவர்கள் இரண்டாவதை முயல்வதே இல்லை.

1. ஒரு டம்ளர் மாவை அகலத் தட்டில் வைத்து நடுவில் குழி செய்யுங்கள். ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரை உப்போடு கொதிக்கவைத்து, முக்கால்வாசியை ஊற்றி, கரண்டிக் காம்பால் கலந்து, ஐந்து நிமிடம் மூடுங்கள்.
2. கை பொறுக்கும் சூட்டில், உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்துத் தேய்த்துப் பிசையுங்கள். சப்பாத்திக்கு ஆவதைவிட இங்கே உழைப்பு அதிகம். நான்கைந்து நிமிடமாவது தேய்த்தால்தான் வழவழப்பு வரும். தேவையானால் மீதி வெந்நீரைத் தெளியுங்கள்.
3. ஒரு ரொட்டிக்கு வேண்டிய மாவை மட்டும் எடுத்து மறுபடி ஒருமுறை பிசைந்து உருட்டுங்கள். மற்றது ஈரத்துணியின் கீழ் இருக்கட்டும்.
4. பலகையில் உலர் மாவு தூவி, உருண்டையை வைத்து, விரல்களால் சுற்றிச் சுற்றித் தட்டி விரியுங்கள். ஓரம் வெடித்தால் ஈர விரலால் ஒட்டுங்கள். வரவில்லையா, வாழை இலையில் எண்ணெய் தடவித் தட்டுங்கள், அல்லது குழவியால் மெதுவாகத் தேயுங்கள். யாரும் கேட்கப் போவதில்லை.
5. இரும்புக் கல் நன்றாகச் சூடாகட்டும். மாவு தூவிய பக்கம் மேலே இருக்கும்படி ரொட்டியைப் போட்டு, மேல்பரப்பு முழுக்க ஈரக் கையாலோ துணியாலோ தண்ணீர் தடவுங்கள். இதை விட்டுவிடக் கூடாது. உலர் மாவு கருகாமல் இருப்பதும், மேல்பக்கம் வெடிக்காமல் இருப்பதும் இந்தத் தண்ணீரால்தான்.
6. தண்ணீர் காய்வதற்கு ஒரு கணம் முன்பே திருப்பிப் போட்டு வேகவிடுங்கள். பிறகு கல்லிலிருந்து எடுத்து, முதலில் கல்லில் பட்ட பக்கத்தை நேரடித் தீயில் காட்டினால் உப்பும்.

உப்பாவிட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். முதல் சில தடவைக்குக் கால் பங்கு கோதுமை மாவு கலந்து கை பழகுவதிலும் தவறில்லை, குளூட்டன் ஆகாதவர் வீட்டில் இல்லை என்றால். தொட்டுக்கொள்ள வட கர்நாடகத்தில் எண்ணெய்க் கத்தரிக்காயும் வேர்க்கடலைச் சட்னிப் பொடியும் தயிரும். மகாராஷ்டிரத்தில் கடலைமாவில் கிண்டிய பிட்லாவும் பச்சை மிளகாய் இடித்த தேச்சாவும். நம் வீட்டுப் பூண்டுத் துவையலும் பருப்புக் கீரையும் குறைந்தவை இல்லை. மிக மெல்லியதாகத் தட்டி ஈரமே இல்லாமல் சுட்டுக் காயவைத்த 'கடக் ரொட்டி' அங்கே வாரக்கணக்கில் வைத்திருந்து உண்ணும் பண்டம். அப்பளம் போல நொறுங்கும். வெளியூர்ப் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போவார்கள்.

பொரி

குழந்தைகளை இந்தப் பக்கம் இழுக்க இது போதும். ஒரு டம்ளர் முழுச் சோளத்தில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்துப் பிசறி இரவு மூடி வையுங்கள். காலையில் துணியால் துடைத்துவிட்டு, இரும்பு வாணலி புகையும் சூட்டில் ஒரு சிறு கைப்பிடி மட்டும் போட்டு மூடி, குலுக்கிக்கொண்டே இருங்கள். படபடவென்று வெடிக்கும். பாப்கார்னின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும். பாதி மணி பொரியாமல் நிற்கும், சல்லடையில் சலித்துவிடலாம். எல்லா ரகமும் பொரியாது; சின்னதும் கடினமானதுமான மணிதான் நன்றாகப் பொரியும். குஜராத்தில் ஹோலிப் பண்டிகைக்கு இதைத் 'தானி' என்று விற்பார்கள். வெல்லப் பாகில் உருண்டை பிடித்தால் கடலை உருண்டைக்குப் போட்டியாக நிற்கும்.

கவனிக்க வேண்டியவை

கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்குச் சோளம் உகந்தது. ஆனால் மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு கலந்துதான் வரும். அவர்களுக்கென்றால் வீட்டு மிக்சியில் பொடித்துச் சலித்துக்கொள்வதே பத்திரம்.

சர்க்கரை நோய்க்கு மருந்து என்று சோளத்தை விற்பவர்கள் இருக்கிறார்கள். இதுவும் மாவுச்சத்து நிறைந்த தானியம்தான். 100 கிராமில் 10 கிராம் அளவுக்கு நார்ச்சத்து இருப்பதும், மென்று தின்ன நேரமாவதும் நல்லவை. அதற்காக அளவில்லாமல் சாப்பிட முடியாது. நைஸாக அரைத்துக் காய்ச்சிய கூழைவிடப் பருவெட்டான ரவையும் முழு மணியும் மெதுவாகச் செரிக்கும். மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அளவை முடிவு செய்யட்டும். இதுவரை நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டுப் பழகாதவர்களுக்கு முதல் வாரம் வயிறு கொஞ்சம் உப்பலாம். வாரத்துக்கு இரண்டு வேளை என்று தொடங்குங்கள்.

பச்சைப்பயறு போல முளைகட்டிப் பச்சையாகத் தின்ன மட்டும் சோளம் ஆகாது. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு சில நேரம் சுருண்டு விழுவதைக் கிராமத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். பயிரில் இருக்கும் துரின் என்ற பொருள் வயிற்றில் சயனைடாக மாறுவதால் அப்படி ஆகிறது. அதே பொருள் முளையிலும் வேரிலும் உண்டாகும். காய்ந்த மணியில் இந்தப் பிரச்சினை இல்லை. சத்துமாவுக்குச் சோளம் சேர்ப்பதானால் முளைகட்டாமல் வறுத்தே சேருங்கள்.

முழுச் சோளத்தை நல்ல வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வேப்பிலைச் சருகோடு வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள், அந்துப்பூச்சி பறந்தால் மறுபடி வெயில். மாவை இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்கு மேல் வைப்பதானால் பிரிட்ஜில். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மானாவாரிச் சோளம் தை, மாசி வாக்கில் சந்தைக்கு வரும். மொத்தமாக வாங்கி வைக்க அதுதான் சமயம். திண்டுக்கல், திருப்பூர், விருதுநகர்ப் பக்கம் உறவினர் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், மாட்டுக்காக விதைத்தவர்களிடமும் மணி இருக்கும்.